‘படமே இருக்கே, அப்புறம் என்ன?’

சென்ற வாரம் விடியற்காலையில் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். கீழே கொட்டை எழுத்தில், நேற்று நடந்த கட்சி மாநாடு என்று போட்டிருந்தது. எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லாரும்தான் இதைச் செய்கிறார்கள். போன் செய்து, “மாமா, இது பொய்” என்றேன்.

“படமே இருக்கே மாப்ள, அப்புறம் என்ன?”

அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். திருவாரூர் ஆழித்தேர் அன்று ஒரு மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. படத்திலிருந்து தேரை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் இடது ஓரத்தில் வடம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நாலைந்து கைகள் அதைப் பிடித்திருக்கின்றன. மாநாட்டில் யார் ஐயா வடம் பிடிக்கிறார்கள்?

இருபது வருஷமாகப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறேன். ‘படமே இருக்கே’ என்பதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. கேமரா முன்னால் என்ன இருந்தது என்பதை மட்டும்தான் படம் சொல்லும். எங்கே, எப்போது, யார் செய்தது, எதற்காக? இதெல்லாம் கீழே ஒருவர் எழுதுவது. பொய் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். கிராபிக்ஸே வேண்டாம். (லாங் லென்ஸ் போட்டால் இருநூறு பேரையே நெருக்கியடித்த கூட்டமாகக் காட்டலாம். நாங்களும் காட்டியிருக்கிறோம்.)

2011 ஏப்ரலில், தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்து முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் ‘கோ’ என்ற சினிமா வந்தது. இயக்கிய கே.வி.ஆனந்த் சினிமாவுக்கு வருமுன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். அதைப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த பையன்களை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது, பத்திரிகைப் புகைப்படக்காரராக வரும் ஜீவா ஒரு படத்தை எடுத்து வந்து அரசியல்வாதியின் குழந்தைத் திருமணத்தை நிரூபிக்கிற கட்டம்தான். படம் வந்தது, வழக்கு முடிந்தது! ஆனால் அதே கதையில் தேர்தலில் நிற்கிற இளைஞன் வசந்தனின் கூட்டத்தில் குண்டு வெடிக்கிறதே? புகை உண்மை, பிணங்கள் உண்மை, ஜனங்களின் அனுதாபமும் உண்மை. அதன் பின்னால் இருந்தது அந்த வசந்தனேதான். இந்தப் பாதி மட்டும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

சினிமாவை விடுங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. அதில் ஒன்று அவர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று டிஜிபியே வந்து விளக்க வேண்டியிருந்தது. அடிதடி நிஜம்தான். யார் யாரை அடித்தார்கள் என்பதை மட்டும் மாற்றினார்கள், இரண்டு மாநிலங்கள் பதறின.

சரி, என்ன செய்வது? படத்தைக் கூகுள் லென்ஸில் போடுங்கள், அதே படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டும், அரை நிமிஷம் ஆகாது. பழைய படம் என்றால் பெரும்பாலும் பல்லிளித்துவிடும். ஓரங்களைப் பாருங்கள்: கடைப் பலகை, பஸ்ஸின் நிறம், போஸ்டர். சேனல் லோகோவோடு நியூஸ் கார்டு வந்தால் அந்தச் சேனலின் பக்கத்துக்கே போய்த் தேடுங்கள். லோகோவை எட்டாவது படிக்கிற பையன்கூட ஒட்டுவான். நீங்களே எடுத்த படத்தை எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் எடுத்த தேதி, நேரமெல்லாம் வழியிலேயே போய்விடும். ரத்தம் கொதிக்க வைக்கிற படமா? தயவுசெய்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இப்படிப் பொய்யைப் பரப்பினால் வம்பில் மாட்டிக்கொள்வீர்கள் என்று மாமாவிடம் சொன்னேன். கொஞ்சம் பயந்தார். பத்து நிமிஷத்தில், “அழிச்சிட்டேன் மாப்ள” என்று பதில் வந்தது.

குடும்ப குரூப்பைத் திறந்தேன். படம் அங்கேயே இருக்கிறது. மனுஷன் ‘டெலிட் ஃபார் மீ’ கொடுத்திருக்கிறார்.