நாளைக்குப் பேச்சுவார்த்தை என்றால், உங்கள் தாள் போன மாதமே போயிருக்க வேண்டும்

மறுநாள் காலை இந்தியா, இலங்கை இரு நாட்டு அதிகாரிகளும் மீனவர் விஷயம் பேச உட்காரப் போகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் படகின் பதிவுச் சான்று நகல், நான்கு ஆதார் நகல், பேப்பரில் வந்த படம் ஒன்று.

"சார், நாளைக்குப் பேச்சுவார்த்தைன்னு டிவியில சொன்னாங்க. இதை உள்ள கொடுத்து விட்டுருங்க. எங்க போட்டும் அதில வந்துரும்ல?"

நான் மீன்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ராமேஸ்வரம், மண்டபம், ராமநாதபுரம் என்று இந்தக் கரையிலேயே சர்வீஸில் பெரும்பகுதி போனது. இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட படகு எத்தனை, அங்கே சிறையில் இருக்கிற ஆள் எத்தனை என்று பட்டியல் தயாரித்து மேலே அனுப்புவது வருடக்கணக்கில் என் மேசை வேலை. அதனால் பேச்சுவார்த்தை என்ற செய்தி வந்தாலே என் வீட்டுக்கு ஆள் வரும். எல்லாரும் முந்தின நாள்தான் வருவார்கள். அன்றைக்கு என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இத்தனை வருடம் ஆகியும் இதை இந்தக் கரையில் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லையே என்ற ஆத்திரம்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

பேச்சுவார்த்தை என்றதும் நம் ஆட்கள் மனதில் ஊர்க்கூட்டம்தான் வருகிறது. இரண்டு பக்கமும் வந்து உட்காருவார்கள், அவரவர் குறையைச் சொல்வார்கள், பெரியவர்கள் கேட்பார்கள், எழுந்திருக்கும்போது ஒரு முடிவோடு எழுந்திருப்பார்கள். கடைசி நிமிடத்தில் ஒருத்தர் ஓடி வந்து ஒரு சீட்டைக் கொடுத்தாலும் அதையும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். ஊரில் அது சரி. அரசாங்கமும் அரசாங்கமும் பேசும்போது அப்படி ஒரு சீட்டு உள்ளே போக வழியே கிடையாது.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். தேதி உங்கள் காதுக்கு வருவதற்கு முன்பே எதையெதைப் பேசுவது என்ற அஜெண்டா டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே போய் வந்திருக்கும். மீனவர் விஷயம் அதில் இருந்தால் டெல்லி சென்னையைக் கேட்கும். சென்னை மாவட்டத்தைக் கேட்கும். மாவட்டம் கரையில் இருக்கிற அலுவலகத்தைக் கேட்கும். எங்களிடம் அந்தக் கேள்வி வரும்போது பெரும்பாலும் "இன்று மாலைக்குள்" என்றுதான் இருக்கும். அன்றைக்குக் கையில் என்ன பட்டியல் இருக்கிறதோ அதைத்தான் அனுப்புவோம். அது மேலே போகப் போகச் சுருங்கும். நாங்கள் எட்டுப் பக்கம் அனுப்பினால், பேசப் போகிறவர் கையில் இருக்கிற குறிப்பில் அது மூன்று வரி. இத்தனை பேர், இத்தனை படகு, இந்த இந்தச் சிறை. அந்த எண்ணிக்கைக்குள் உங்கள் படகு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவர் வாயால் உங்கள் படகின் பெயரைச் சொல்ல மாட்டார். எண்ணிக்கையையும், பின்னால் இணைத்த பட்டியலையும்தான் கொடுப்பார். பட்டியலில் இல்லாத படகுக்கு அந்த அறையில் இடம் இல்லை.

கூட்டம் முடிந்து வரும் அறிக்கையும் அப்படித்தான். அதன் வாசகத்தில் பெரும்பகுதியை அதிகாரிகள் முன்கூட்டியே எழுதி, ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் இழுத்து, கடைசியில் ஒன்றிரண்டு இடத்தை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். 2024 டிசம்பரில் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். மின்கட்டமைப்பு இணைப்பு, எண்ணெய்க் குழாய், ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் என்று நீளமாகப் போகும். மீனவர் விஷயத்துக்குச் சில வரிகள்தான். மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும், வன்முறையைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கும். அந்த "மனிதாபிமானம்" என்ற சொல்லைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பின்னால் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்தால், ஒரு படகை இடித்தால், நம் தரப்பு அந்தச் சொல்லை எடுத்துக் காட்டித்தான் கேட்க முடியும். ஆனால் அந்தச் சொல், பிடித்த படகுகளை இலங்கையில் நிறுத்தி வைக்கிற மயிலிட்டியிலிருந்து உங்கள் படகை இழுத்து வராது.

"விட்டால் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 2016 நவம்பர் 5 அன்று டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் கூடி, மீன்வளத்துக்கென்று ஒரு கூட்டுப் பணிக்குழு வைப்பது, அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த வருடம் டிசம்பர் 31-ல் முதல் கூட்டம். ஆறாவது கூட்டம் 2024 அக்டோபர் 29-ல் கொழும்பில். எட்டு வருடத்தில் ஆறே கூட்டம். பஸ் போல நினைத்து நிற்காதீர்கள். ஒன்றைத் தவற விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலமைச்சர் கடிதம் எழுதுகிறாரே, அவரே போய்ப் பேசிவிட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அரசியல் சட்டப்படி வெளிநாட்டு உறவு ஒன்றிய அரசின் கையில். மாநிலம் தகவல் கொடுக்கலாம், அழுத்தம் கொடுக்கலாம், கூட்டத்தில் தன் அதிகாரியை உட்கார வைக்கலாம். அந்தத் தகவல் எங்கிருந்து போகிறது? உங்கள் ஜவுளிக்கடைப் பையிலிருந்துதான்.

சரி, அந்தப் பையைப் பிரித்தோம்.

படகு பிடிபட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. போனவர்கள் ஐந்து பேர். ஆதார் நான்குதான். ஐந்தாவது ஆள் யார் என்றேன். கடைசி நேரத்தில் ஒருத்தருக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாக ஏறிய பையன் என்றார். கடலுக்குப் போக வாங்குகிற அனுமதிச் சீட்டான டோக்கனில் காய்ச்சல்காரர் பெயர். யாழ்ப்பாணம் சிறையில் இருப்பது அந்தப் பையன். இங்கிருந்து போன பட்டியலில் வீட்டில் படுத்திருப்பவர் பெயர் இருக்கிறது, சிறையில் இருப்பவர் பெயர் இல்லை. இன்னொருவருக்கு ஆதாரில் ஒரு பெயர், கரையில் கூப்பிடுவது வேறு பெயர். சங்கத்தில் கரைப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். நம் துணைத் தூதரகத்தில் இருந்து சிறைக்குப் போய்ப் பார்ப்பவர்கள் அந்த ஆளிடம் கேட்டு எழுதுவது ஆதார்ப் பெயர். இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்க்கிற இடத்தில் ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவார், அல்லது காணாமல் போய்விடுவார். இதைச் சரிபார்க்க மூன்று கடிதம் போய் வரும். அந்த மூன்று கடிதத்துக்குள் கூட்டம் முடிந்துவிடும்.

பதிவுச் சான்றைப் பார்த்தேன். படகு மண்டபத்தில் ஒரு பெரியவர் பெயரில் இருந்தது. வாங்கி நான்கு வருடம் ஆகியும் பெயர் மாற்றவில்லை. ஏம்மா மாற்றவில்லை என்றேன். "அவர் நல்ல மனுசர் சார், தகராறு பண்ண மாட்டார்" என்றார். அவர் நல்லவர்தான். ஆனால் இலங்கையில் ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ படகு வழக்கு நடக்கும்போது பதிவில் இருக்கிற உரிமையாளர் ஆவணத்தோடு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படகை அரசுடைமை ஆக்கிவிடுவார்கள். அதற்கு அப்புறம் எந்த அமைச்சர் போய்ப் பேசினாலும் அந்த ஊர் நீதிமன்றத் தீர்ப்பின் மேல்தான் பேச வேண்டும். ஆட்களை விடுவிப்பதும் படகை விடுவிப்பதும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஆள் திரும்பி வந்த எத்தனையோ வீட்டில் படகு வரவே இல்லை. கடலடியை வாரி இழுக்கிற வலையான இழுவை மடிக்கு இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை விதித்த பிறகு இது இன்னும் இறுகிவிட்டது.

அதைவிட வயிறு எரிந்தது இன்னொன்று. "பட்டியல்ல பேர் போட்டாச்சு" என்று சொல்லி ஒருத்தர் அவரிடம் பத்தாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். பட்டியலில் பெயர் போட யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மனுவை நீங்களே கொண்டு போங்கள், தேதி போட்ட ஒப்புகையைக் கையில் வாங்குங்கள். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனுதான்.

இனி சொல்வதை உரிமையாளர்கள் கவனமாகக் கேளுங்கள். படகு வாங்கிய வாரத்திலேயே பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் அந்தக் கரை நீதிமன்றத்துக்கு எப்படிப் போவீர்கள்? ஆள் மாறினால் டோக்கனில் மாற்றுங்கள். ஏறுகிறவர்கள் எல்லாருடைய ஆதாரையும் படகுத்துறையிலேயே போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. பிடிபட்டால் அன்றைக்கே துறை அலுவலகத்துக்குப் போங்கள். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். சங்கம் எண்ணிக்கை சொல்லும், ஆதார் நகல் உங்களிடம்தான் இருக்கிறது. எந்த இடத்தில் பிடிபட்டது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் என்று எல்லாரும் சொல்லி, அந்தப் பக்கம் கருவியில் பதிவான இடத்தை எடுத்து வைத்தால், நம் அதிகாரி அந்த அறையில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். அடுத்த படகு உண்மையாகவே இந்தப் பக்கம் பிடிபட்டிருந்தாலும் அவர் பேச்சு எடுபடாது.

ஏற்கெனவே ஒருமுறை ஒத்திவைத்த தண்டனையோடு வந்தவர்களைத் திரும்ப அந்தப் பக்கம் ஏற்றாதீர்கள். இரண்டாவது முறை பிடிபட்டால் பழைய தண்டனையையும் சேர்த்து அனுபவிக்க வேண்டியிருக்கும். பேச்சுவார்த்தையில் அவர்களுக்காகக் கேட்பதுதான் மிகக் கஷ்டம்.

சங்கத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரு நாட்டு மீனவர்களும் நேருக்கு நேர் பேசுகிற கூட்டம் 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் நடந்தது, அதற்கு அப்புறமும் நடந்திருக்கிறது. அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது கோஷத்தோடு போகாதீர்கள். எதிரில் இருப்பவர்கள் யாழ்ப்பாணம், மன்னார்க்காரர்கள். நம் மொழி பேசுகிறவர்கள், போரில் முப்பது வருடம் கடலை இழந்து திரும்ப வலை போட்டவர்கள். நம் இழுவை மடி போன பாதையில் அவர்கள் வலை அறுந்து கிடக்கிறதைத்தான் முதலில் சொல்வார்கள். அதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது என்று இங்கேயே, போவதற்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை படகு, எத்தனை வருடத்தில் இழுவை மடியை விடும்? ஆழ்கடலுக்கு மாற எத்தனை பேர் தயார், கடன் எங்கே தடைபடுகிறது? மூக்கையூர் துறைமுகத்தில் என்ன குறை? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இருந்தால் நம் அதிகாரிகளுக்கும் கையில் பிடி இருக்கும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக் கேள்விக்கு "கால அவகாசம் வேண்டும்" என்ற பழைய பதிலையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டியதுதான்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கிறது. இன்ஜின் பார்க்கிறீர்கள், பலகை மாற்றுகிறீர்கள், பெயின்ட் அடிக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு நாளைத் தாளுக்கு ஒதுக்குங்கள்.

அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து மனுவைத் திரும்ப எழுதினோம். மறுநாள் கூட்டத்துக்கு இது போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அழுதார். அப்புறம் ஒவ்வொரு பெயரையும் ஆதாரைப் பார்த்து எழுத்து எழுத்தாக அவரே சொல்ல, நான் எழுதினேன். ஐந்தாவது பையனின் அம்மாவுக்குப் போன் போட்டு அவன் ஆதாரையும் வாங்கினோம். காலையில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ஒப்புகையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அங்கிருந்து நேராக மண்டபம் போயிருக்கிறார். பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. விண்ணப்பிக்கச் சம்மதித்திருக்கிறாராம், வழக்குத் தேதிக்கு முன்னால் கைக்கு வர வேண்டும்.