பூந்திக்கொட்டை நுரையும் கரையாத மருந்தும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சீயக்காய் வாங்கப் போனபோது, பக்கத்து டப்பாவில் இருந்த பூந்திக்கொட்டையும் கொஞ்சம் வாங்கி வந்தேன். கறுப்பு விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இரவெல்லாம் ஊறப்போட்டேன். நுரைக்கும் சரக்கு தோலில்தான் இருக்கிறது.

காலையில் ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஊறிய நீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தூவினேன். வெறும் தண்ணீரில் தூள் திட்டுத்திட்டாக மேலேயே மிதந்தது. பூந்திக்கொட்டை நீரிலோ பட்டதும் நனைந்து, மஞ்சள் புகைபோல் இறங்கியது. (குளியல் சோப்பில் இதைச் செய்தால் காரத்தால் மஞ்சள் சிவந்துவிடும். பூந்திக்கொட்டை நீரில் அந்தக் காரம் இல்லை.)

இந்த வேலையைச் செய்வது தோலில் உள்ள அந்த நுரைக்கும் சரக்கு, சப்போனின். அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் சர்க்கரைச் சங்கிலி, அது தண்ணீரோடு சேரும். மறுபக்கம் கொழுப்பு மாதிரி, அது எண்ணெயோடுதான் சேரும். நீரில் சப்போனின் ஓர் அளவைத் தாண்டியதும், கொழுப்புப் பக்கங்களெல்லாம் உள்ளே ஒதுங்க, சர்க்கரை வெளியே நிற்க, சில நானோமீட்டர் அளவில் உருண்டைகள் உருவாகின்றன. இவற்றுக்கு மிசெல் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் அடங்கும் என்றால் எவ்வளவு சிறியவை, பாருங்கள். தண்ணீருக்கு ஒத்துவராத குர்குமின், அதாவது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள், இந்த உருண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மருந்துக்கும் இதே சிக்கல்தான். விழுங்கிய மாத்திரை குடல்நீரில் கரைந்தால்தான் இரத்தத்தில் சேரும். கரையாதது வந்த வழியே வெளியே போய்விடும். நம் உடம்பில் பித்தநீர் இந்த மிசெல் வேலையைப் பார்க்கிறது. படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வினைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிடச் சொல்வது அதனால்தான். கொழுப்பு வந்தால் பித்தநீர் சுரக்கும், மருந்தும் கரையும்.

சரி, பூந்திக்கொட்டை நீரில் மருந்தைக் கரைத்து ஊசி போடலாமா? கூடவே கூடாது. இரத்தச் சிவப்பணுவின் சவ்வில் உள்ள கொலஸ்ட்ராலைச் சப்போனின் பற்றிக்கொண்டு ஓட்டை போடும், அணு உடைந்துபோகும். இறால் குளங்களில் தேயிலை விதைப் புண்ணாக்கு போட்டு, இறாலை விட்டுவிட்டு மீனை மட்டும் கொல்வதும் சப்போனினை நம்பித்தான்.

ஊசிக்குச் சாதுவான ஆள் சோயாவிலிருந்து வரும் லெசித்தின். நம் செல் சவ்வும் அதே வகைக் கொழுப்பால் ஆனதால் சண்டை இல்லை. பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின் பி, சோயாக் கொழுப்பிலிருந்து செய்த நுண்குமிழிகளில் ஏற்றி இரத்தத்தில் செலுத்தப்படுகிறது.

ஆனாலும் சப்போனினை மருந்துலகம் கைவிடவில்லை. சிலி நாட்டு குயில்லாயா மரப்பட்டையின் ஒரு சப்போனின், 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியில் இருக்கிறது. அங்கே அதன் வேலை கரைப்பதல்ல, நோய் எதிர்ப்பைத் தூண்டுவது. அதைக் கொலஸ்ட்ரால் கலந்த நுண்குமிழிகளோடு சேர்த்தே ஊசியில் வைக்கிறார்கள். பற்றிக்கொள்ளக் கொலஸ்ட்ரால் அங்கேயே கிடைத்துவிடுவதால், அது சிவப்பணுக்களின் பக்கம் போவதில்லை.