கையில் ஓடும் முயல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைக் கடை ஒன்றில் மேசைமேல் வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. பக்கத்துக் கிளாஸில் தே தாரிக்கின் நுரை நடுங்கியது. எடுப்பதற்குள் போன் அரை அங்குலம் நகர்ந்தும்விட்டது.

உள்ளே இருப்பது சின்ன மோட்டார். அதன் அச்சில் ஒரு பக்கமாகக் கனம் வைத்திருப்பார்கள். சுற்றும்போது அது போனையே ஆட்டும். வாஷிங் மெஷினில் ஈரத்துணி ஒரு பக்கம் சேர்ந்தால் மெஷினே ஆடுமே, அதே கதைதான். இப்போதைய பல போன்களில் சுற்றும் மோட்டார் இல்லை, ஸ்பிரிங்கில் முன்னும் பின்னும் ஆடும் ஓர் எடை.

இந்த அதிர்வைப் பிடிப்பவை தோலின் ஆழத்தில் உள்ள பசினியன் நுண்ணுறுப்புகள். வெட்டிப் பார்த்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் நரம்பு முனை. நிதானமாக அழுத்தினால் அடுக்குகளே அழுத்தத்தை விழுங்கிவிடும். வேகமான அதிர்வு மட்டும் நரம்புவரை போய்ச் சேரும். நொடிக்கு 200 முதல் 300 வரையான அதிர்வுகள் என்றால் இவற்றுக்கு மிகவும் இஷ்டம்.

சரி, பேச்சையே தோலுக்கு அனுப்பலாமே? முடியாது. காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். தோலோ 1,000ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட மரத்துப்போகும். தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளத்தின் அருகே நின்றால் அதன் அடி நம் நெஞ்சில் விழும். பாட்டின் சொற்களுக்குக் காதுதான் வேண்டும்.

அதனால் குறியீடு தேவை. அமெரிக்க உளவியலாளர் பிராங்க் கெல்டார்ட் 1957இல் மார்பில் 5 அதிர்வான்களைப் பொருத்தினார். ஒவ்வொன்றிலும் 3 வலிமை, 3 கால அளவு. ஆக 45 குறிகள். ஆங்கில எழுத்துக்குத் தாராளம். நம் 247 எழுத்துக்கு? கவலை வேண்டாம், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 போதும். ‘கி’ வேண்டுமானால் க், இ என்று இரண்டு குறி.

ஆனாலும் எழுத்துக்கூட்டுவது தோலுக்கு ஏற்ற வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. 1972இல் கெல்டார்டும் சக ஆய்வாளர் ஷெரிக்கும் கண்ட விந்தையைப் பாருங்கள். மணிக்கட்டில் சில தட்டு, நடுக்கையில் சில, முழங்கை அருகே சில, எல்லாம் மளமளவென்று. மோட்டார் இருப்பது மூன்றே இடத்தில். ஆனால் முயல் ஒன்று கைநெடுகத் தாவி ஓடுவதுபோல இருக்குமாம்! ‘இந்தப் பக்கம் போ’ என்று காட்ட இது போதுமே.

கடைக்கு வெளியே, வெள்ளைக் கைத்தடியோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். பார்வையற்றோர் சங்கம் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நடைபாதையின் மஞ்சள் ஓடுகளில் தடியின் நுனி உரச, அந்த அதிர்வு தடிவழியே உள்ளங்கைக்கு ஏறுகிறது. நீளக் கோடு என்றால் இப்படியே போ. குமிழ் என்றால் நில். குமிழ் வந்தது, நின்றார்.