படத்தைச் சுருக்கினால் ஏன் மங்குகிறது?

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த கோபுரப் படம் ஒன்று 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் இருக்கும். இணையத்தில் பகிர்வதற்காக அதை 1200-க்கு 800 என்று சுருக்குகிறோம். அப்படியென்றால் மூலப் படத்தின் 25 பிக்சல்களுக்குப் புதிய படத்தில் ஒரே ஒரு பிக்சல்தான் இடம். கோபுரத்துச் சுதைச் சிற்பம் ஒன்றின் கண்ணும் புருவமும் அந்த 25-க்குள் அடங்கியிருந்தால், அவை இரண்டும் போய் ஒரு நிறம் மட்டுமே மிஞ்சும். அந்த நிறத்தை எப்படி முடிவு செய்வது? சுருக்கிய படம் நன்றாக வருவதும் கெடுவதும் இதைப் பொறுத்ததுதான்.

இருப்பதிலேயே எளிய வழி, 25-இல் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற 24-ஐத் தூக்கிப் போடுவது. வேகமாக முடிந்துவிடும், ஆனால் நுண்ணிய கோடுகள் வந்தால் படம் பொய் சொல்லத் தொடங்கும். மூலப் படத்தின் அகலம் முழுக்க 6 பிக்சலுக்கு ஒன்றாக 1000 கோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோட்டையும் அதன் பக்கத்து இடைவெளியையும் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஆக, 1200 பிக்சலில் 600 கோடுகளுக்கு மேல் காட்டவே முடியாது. ஆனால் ஐந்துக்கு ஒன்றாக எடுத்துப் பாருங்கள்: கோடுகள் மறைவதற்குப் பதிலாக, 200 தடித்த பட்டைகளாக மாறி நிற்கும். இல்லாத ஒன்றைப் படம் காட்டுகிறது. கட்டம் போட்ட சட்டையிலும் கொசுவலையிலும் அலை அலையாக நெளியும் மோரே கோலம் இப்படித்தான் வருகிறது.

இதைத் தவிர்க்க ஒரே வழி, காட்ட முடியாத நுணுக்கத்தை முதலிலேயே மழுக்கிவிடுவது. அதாவது அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது. பைகியூபிக், லான்சோஸ் என்று மென்பொருள்களில் பார்க்கும் பெயர்கள் எல்லாம், எந்தப் பிக்சலுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதற்கான வெவ்வேறு கணக்குகள். பின்னது ஹங்கேரியக் கணிதவியலாளர் கார்னீலியஸ் லான்சோஸின் பெயரால் வந்தது. சற்றுத் தள்ளியிருக்கும் பிக்சல்களுக்கு அது எதிர்மறை எடை கொடுப்பதால் ஓரங்கள் ஓரளவு தெளிவாகவே நிற்கும். எப்படியானாலும் சராசரி சராசரிதான். சுருக்கிய படம் கொஞ்சம் மென்மையாகத் தெரிவது பழுது இல்லை. பொய்க் கோலம் வராமல் இருக்க நாம் கொடுக்கும் விலை அது.

அதிகம் பேர் கவனிக்காத விஷயம் ஒன்றும் இந்தச் சராசரியில் உண்டு. பிக்சலில் இருக்கும் எண் ஒளியின் அளவை நேரடியாகக் குறிப்பதில்லை. நம் கண்ணின் உணர்வுக்கு ஏற்றபடி வளைத்து எழுதப்பட்ட எண் அது. கறுப்பு 0, வெள்ளை 255. இரண்டும் மாறி மாறி வந்தால் எண்களின் சராசரி 128 ஆகத் தெரியும். ஆனால் வெள்ளையின் பாதி ஒளியை நிறங்களை எண்ணாக எழுதும் வழக்கமான எஸ்ஆர்ஜிபி முறையில் எழுதினால் 188 வரும். எண்களை அப்படியே சராசரி எடுக்கும் மென்பொருளில், இரவில் எடுத்த சீரியல் பல்பு வரிசையும் நட்சத்திரங்களும் சுருங்கும்போது மங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மென்பொருளில் நேரியல் ஒளியில், அதாவது எண்களை ஒளியின் அளவாக மாற்றிச் சராசரி எடுத்து, சுருக்கும் வசதி இருந்தால், இப்படிப்பட்ட படங்களுக்கு அதைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

சரி, மென்மையான படத்தை எப்படிக் கூர்மையாக்குவது? போன நுணுக்கம் போனதுதான். எந்தக் கருவியும் அதைத் திரும்பக் கொண்டுவராது. கருவி செய்வது ஓரங்களை அழுத்திக் காட்டும் வேலையை மட்டும். ஒரு வரிசையில் பிக்சல்கள் 100, 100, 100, 200, 200, 200 என்று இருக்கட்டும். மும்மூன்றாகச் சராசரி எடுத்து மங்கலாக்கினால் 100, 100, 133, 167, 200, 200 வரும். மூலத்திலிருந்து இதைக் கழித்தால் ஓரத்தில் மட்டும் −33, +33 மிஞ்சும். இந்த வித்தியாசத்தை மூலத்தோடு கூட்டினால் 100, 100, 67, 233, 200, 200. ஓரத்தின் இருண்ட பக்கம் மேலும் இருண்டு, வெளிச்சமான பக்கம் மேலும் வெளிச்சமாகிவிட்டது. கண் இதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது. நம் பார்வையே ஓரங்களை மிகைப்படுத்திக் காண்பது என்பதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-லேயே எழுதிவிட்டார்.

அன்ஷார்ப் மாஸ்க் என்று இதற்குப் பெயர், கணினிக்கு முந்தைய உத்தி. இருட்டறையில் நெகட்டிவிலிருந்து மங்கலான பாசிட்டிவ் ஒன்றை எடுத்து, இரண்டையும் சேர்த்துவைத்து அச்சிடுவார்கள். வானியல் படக்கலைஞர் டேவிட் மாலின் 1970-களில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய ஆய்வகத்தில், நெபுலாக்கள் எனும் விண்வெளி மேகங்களின் பிரகாசமான பகுதிகளுக்குள் மறைந்திருந்த நுணுக்கங்களை வெளியே கொண்டுவந்தது இதே முறையில்தான்.

மேலே பார்த்த கூட்டலை எந்த அளவுப் படத்தில் செய்கிறோம் என்பது முக்கியம். முழு அளவுப் படத்தில் ஓரத்தில் இரண்டு பிக்சல் அகலத்துக்குப் போட்ட கூர்மை, ஐந்தில் ஒன்றாகச் சுருக்கும்போது சராசரியில் கரைந்துவிடும். அதனால் முதலில் சுருக்குங்கள், கடைசியில் கூர்மையாக்குங்கள். இணையப் படத்துக்கு ஆரம், அதாவது மங்கலாக்கல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது, அரை பிக்சல் அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும். 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பார்த்தபடி கூர்மையின் அளவைக் கூட்டுங்கள். கோபுரத்துக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்தால் உடனே குறையுங்கள். வானத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுந்தால் திரெஷோல்டு என்ற வரம்பைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், சிறு வித்தியாசங்களை அது தொடாது.

அப்புறம் ஜேபெக், படங்களைச் சிறிய கோப்பாகச் சேமிக்கும் வடிவம். அது படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண் மாற்றங்களைக் கழித்துவிடும். அதிகமாகக் கூர்மையாக்கிய படத்தில் நுண் மாற்றங்களே நிறைய; கோப்பும் பெருக்கும், ஓரங்களைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலவும் தெரியும். தளம் ஏற்கும் அளவைவிடப் பெரிய படத்தை ஏற்றினால், அதன் சர்வர் மறுபடி சுருக்கி மறுபடி ஜேபெக் ஆக்கும்; நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த கூர்மை அங்கே போய்விடும். தளம் காட்டும் அளவுக்கே சுருக்கி ஏற்றுங்கள். வாட்ஸப்பில் அனுப்புவதானால் படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும்.