செயற்கைக் காது: ஸ்க்ரூ போடும் முன் யோசியுங்கள்

"காது வைக்கப் பல் டாக்டரிடமா?" என்ற சந்தேகத்தோடுதான் பலரும் வந்து உட்காருகிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் பல்லுக்காகத் தாடையில் வைக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ, அதாவது இம்ப்ளான்ட்தான் இதற்கும் ஆதாரம். ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற மருத்துவர் 1965-இல் முதன்முதலாக ஒருவருடைய தாடையில் அதை வைத்தார். 1970-களின் கடைசியில் அதே முறை காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்கும் வந்தது.

பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ போதும். நீளம் வெறும் 3 அல்லது 4 மி.மீ. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று, நான்கு மாதம் விடுவோம். அப்புறம் தோலுக்கு வெளியே தெரியும்படி ஒரு இணைப்பை வைத்து, அதில் பார்-கிளிப்போ (சிறு கம்பியும் அதைக் கவ்வும் கிளிப்பும்) காந்தமோ பொருத்தி, சிலிகோன் காதை மாட்டுவோம். பசை போட்டு ஒட்டும் காதும் உண்டு. ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டினால் மதியத்துக்குள் ஓரம் தூக்கிவிடும். கூட்டத்தில் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அதைப் போட்டவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

பிறவியிலேயே காது வளராத பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: அவசரப்படாதீர்கள். விலா எலும்பின் குருத்தை எடுத்துச் சொந்தக் காதாகவே செய்யும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ஸ்க்ரூ வைக்கும்போது மிச்சமிருக்கும் காதுத் துண்டை எடுத்து, அந்த இடத்துத் தோலையும் மெலிதாக்குவது வழக்கம். பிறகு மனம் மாறி விலாக் குருத்துக்குப் போவது ரொம்பக் கஷ்டம். ஆகவே முதலில் பிளாஸ்டிக் சர்ஜனையும் பார்த்துவிடுங்கள். புற்றுநோய்க்கோ விபத்திலோ தீக்காயத்திலோ காதை இழந்த பெரியவர்களுக்கு இம்ப்ளான்ட் நல்ல வழி. கதிர்வீச்சு வாங்கிய எலும்பில் மட்டும் தோல்வி வாய்ப்பு கூடுதல்.

காது செய்வது தனி வேலை. மறுபக்கக் காதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி மெழுகில் செதுக்குவோம். பகல் வெளிச்சத்தில் நிறம் சேர்ப்போம். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு மட்டும் மிச்சமிருந்தால் அதைத் தொடவே மாட்டோம். சிலிகோன் காதின் முன் ஓரம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன்: இது கேட்கும் திறனைத் தராது. அதற்கு ஈ.என்.டி. மருத்துவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் மூக்குக்கண்ணாடி இந்தக் காதில் மாட்டினால் நிற்கும்.

இரவில் காதைக் கழற்றி வையுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றி அடைபோல் படிவதை மெல்லிய பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தினமும் எடுங்கள். அதை விட்டால்தான் தோல் சிவந்து சீழ் வைக்கும். சில வருடத்தில் சிலிகோன் நிறம் மங்கும், ஓரம் கிழியும். புதுக் காது செய்துகொள்ளலாம், ஸ்க்ரூ அதேதான். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் காது கழன்றிருந்தாலும் உள்ளே இம்ப்ளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இணைப்பில் காந்தம் இருந்தால் அதையும் கழற்ற வேண்டியிருக்கும்.