புரோக்கன் பைப்: உடைந்த குழாயா, அறுந்த இணைப்பா?

தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் நெறிமுறை) வழியாக நுழைந்து வேலை செய்பவர், சிறிது நேரம் எழுந்து போய்த் திரும்பும்போது, எந்த விசையை அழுத்தினாலும் கட்டளைத் திரையான டெர்மினல் அசையாமல் கிடப்பதையும், பிறகு ‘புரோக்கன் பைப்’ என்ற இரண்டு சொற்களோடு அமர்வே முடிந்துவிடுவதையும் கண்டிருப்பார். எங்கே, எந்தக் குழாய் உடைந்தது என்ற கேள்விக்கு அந்தச் செய்தியில் விடை இல்லை.

இந்தக் குழாய் எஸ்எஸ்எச் பிறந்த 1995-ஆம் ஆண்டைவிட மிகவும் மூத்தது. தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று திருகிப் பொருத்துவதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-இல் ஒரு குறிப்பு எழுதினார். அங்கேயே பணியாற்றிய கென் தாம்சன் 1973-இல், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தில் அதைச் செய்து காட்டினார். ஒரு நிரல் எழுதுவதை மற்றொன்று படிக்கும் வழியே பைப். படிக்கும் நிரல் முடிந்துபோன பின்னும் எழுதும் நிரல் எழுத முயன்றால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்கு ‘சிக்பைப்’ என்னும் சைகையை அனுப்பும். நிரல் அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் ‘ஈபைப்’ பிழை திரும்பி வரும். லினக்ஸில் அதன் எண் 32, அதற்கான விளக்கச் சொல்தான் புரோக்கன் பைப். பின்னாளில் வந்த, நெட்வொர்க் இணைப்பின் முனைகளான சாக்கெட்டுகளும் அதே பிழையைச் சுவீகரித்துக்கொண்டதால், பைப்பே இல்லாத இடத்திலும் குழாய் உடைகிறது.

‘உடைந்த குழாய்’ என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் பொருள் தவறிவிடுகிறது. தமிழில் குழாய் உடைந்தால் தண்ணீர் வழியில் ஒழுகும். இங்கே ஒழுகுவது எதுவுமில்லை, மறுமுனையில் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதே செய்தி. பழைய ஏரி மதகுக்குரிய ‘தூம்பு’ என்ற சொல்லைப் பைப்புக்குக் கொண்டுவரலாமே என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. எனினும் குழாய் நன்கு வேரூன்றிவிட்டது. எஸ்எஸ்எச் செய்திக்கு ‘இணைப்பு அறுந்தது’ என்பதையே பரிந்துரைப்பேன்.

‘துண்டிக்கப்பட்டது’ என்பதைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அறுதல் தானாக நேர்வது. துண்டித்தல் ஒருவர் செய்வது. தமிழ் இயல்பாகவே வைத்திருக்கும் இந்த வேறுபாடு, பழுது தேடுபவருக்கும் வழிகாட்டும். ‘எதிர்முனை இணைப்பை மூடியது’ என்ற பொருளில் செய்தி வந்தால், சர்வரின் பக்கம் வேண்டுமென்றே முடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் சர்வரின் பதிவேட்டைத்தான் முதலில் புரட்ட வேண்டும். புரோக்கன் பைப் வந்தாலோ இடைவழியை ஐயுற வேண்டும். மடிக்கணினி உறங்கியிருக்கலாம், வைஃபை மாறியிருக்கலாம். பெரும்பாலும், நடுவிலுள்ள ரவுட்டரோ ஃபயர்வாலோ நெடுநேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் நினைவிலிருந்து நீக்கியிருக்கும். எஸ்எஸ்எச்சுக்கு அடியில் தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறையின் சொந்த உயிர்ச்சோதனை இதற்கு உதவாது; லினக்ஸில் அது இயல்பாக 7200 நொடிகள், அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகே முதல் சோதனையை அனுப்புகிறது. நடுவிலுள்ள கருவிகள் பலவும் அவ்வளவு பொறுமை காப்பதில்லை.

ஆகவே, பயனர் தம் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ என்பதை 60 என வைத்தால், சர்வரிடமிருந்து எதுவும் வராத ஒவ்வொரு நிமிடமும் ‘இருக்கிறாயா’ என்ற சிறு வினா போகும். இடையிலுள்ள கருவியும் இணைப்பை மறக்காது. தொடர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை வராவிட்டால் இணைப்பை முடித்துக்கொள்வது இயல்பான ஏற்பாடு. அப்போது அது அறுதல் அன்று, நம் கணினியே செய்யும் துண்டிப்பு. நீண்ட பணியை, அமர்வைத் தனியே தக்கவைக்கும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் தொடங்கியவருக்கோ இணைப்பு அறுந்தாலும் பணி சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மீண்டும் நுழைந்து, விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.