புரோமைடு: நெடியில்லாத நெடியம்

ஐம்பதைத் தாண்டியவர்களிடம் ‘புரோமைடு’ என்று சொன்னால் போட்டோ ஸ்டுடியோ இருட்டறைதான் நினைவுக்கு வரும். கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிப் போடும் தாளுக்கே புரோமைடு பேப்பர் என்றுதான் பெயர். வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளி புரோமைடு அதில் பூசியிருக்கும். இப்போது அதே சொல் குடிநீர்ச் செய்திகளில் அடிபடுகிறது: அனல்மின் நிலையம் ஆற்றில் விடும் புரோமைடால், ஆற்றோட்டத்தில் அதற்குக் கீழே இருக்கும் கீழ்மடை ஊர்களின் குடிநீருக்குக் கேடு என்று. அதைப் படித்துவிட்டு, ராமநாதபுரம் கரையோரம் உப்பளம் உள்ள வாலிநோக்கத்துத் தம்பி ஒருவர், “இது நம்ம உப்பளத் தண்ணியில இருக்கிறதுதானே அண்ணே?” என்று கேட்டார். அதேதான். அந்தச் சொல்லே உப்பளத்தில் பிறந்ததுதான்.

1826. பிரான்சின் மோன்பெலியே நகரத்து இளைஞர் அந்துவான் பலார், கடலோர உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் குளோரினைச் செலுத்தினார். செம்பழுப்பு நிறத்தில் ஒரு நீர்மம் கிடைத்தது. உப்புநீரைக் குறிக்கும் லத்தீன் ‘மூரியா’வை வைத்து ‘மூரிட்’ என்று பெயரிட்டார். பாரீஸ் அறிவியல் கழகத்துப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. துர்நாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான ‘புரோமோஸ்’ஸைப் பிடித்து ‘புரோம்’ ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலம் வழியாக அது நமக்குப் புரோமின். அந்தப் புரோமின் சோடியம், கால்சியம் போன்றவற்றோடு கூடி உப்பாக அடங்கிக் கிடக்கும் நிலைதான் புரோமைடு.

தனித்தமிழ்ப் பட்டியல்களில் புரோமினுக்கு ‘நெடியம்’ என்று பெயர். கிரேக்கப் பெயரைவிட இது பொருத்தம் என்பேன். நாற்றம் வேறு, நெடி வேறு. கருவாட்டுக்கு வீச்சம், மிளகாய் வறுத்தால் நெடி. நெடி மூக்கோடு நிற்காது, தொண்டையைப் பிடிக்கும், கண்ணைக் கரிக்கும். பிளஸ் டூ ஆய்வகத்தில் எங்கள் சார் புரோமின் நீர்ப் புட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய், முகத்தை வெளியே திருப்பிக்கொண்டுதான் திறப்பார். மூடி கழன்றதும் முன்வரிசை இருமத் தொடங்கிவிடும்.

சிக்கல் புரோமைடில்தான். அதற்கு நெடி கிடையாது, நிறமும் கிடையாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் இருக்கிறது. பாம்பனில் முங்கி எழுபவர் யாருக்காவது தெரிகிறதா? ‘நெடிய உப்பு’ என்று பெயர் வைத்தாலோ நீளமான உப்பு என்று ஆகிவிடும். ஆகவே தனிமத்துக்கு நெடியம், உப்புக்குப் புரோமைடு என்றே நான் எழுதுகிறேன்.

அடங்கிக் கிடக்கும் நெடியத்தை எழுப்பிவிடுவது குளோரின். பலார் தெரிந்து செய்ததைக் குடிநீர் நிலையம் தெரியாமல் செய்கிறது. கிருமியைக் கொல்லப் போடும் குளோரின், தண்ணீரிலுள்ள புரோமைடைக் கிளப்பிவிடுகிறது; அது இலைதழை மக்கிய கசடோடு சேர்ந்து புரோமோஃபார்ம் வகைச் சேர்மங்களாகிறது. இவற்றுக்கும் குளோரோஃபார்முக்கும் சேர்த்து டிரைஹாலோமீத்தேன் என்று பெயர். நெடுநாள் குடித்தால் புற்றுநோய் வருமோ என்ற ஐயம் இவற்றின் மேல் உண்டு. அமெரிக்காவில் டிரைஹாலோமீத்தேன் நான்கு வகைக்கும் சேர்த்து லிட்டருக்கு 80 மைக்ரோகிராம்தான் வரம்பு. புரோமின் அணு குளோரின் அணுவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம் என்பதால், எடைக் கணக்கில் வைத்த அந்த வரம்பை எட்டுவதும் சுலபம். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறது. புரோமோஃபார்முக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்.

அனல்மின் நிலையத்துக்குப் புரோமைடு எங்கிருந்து வருகிறது? நிலக்கரியிலேயே கொஞ்சம் உண்டு. புகையோடு போகும் பாதரசத்தைப் பிடிக்க அமெரிக்க நிலையங்கள் சில, கரியில் கால்சியம் புரோமைடையும் சேர்த்தன. புகையிலுள்ள கந்தகத்தைக் கழுவும் நீர் இதையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு ஆற்றுக்குப் போகும். அமெரிக்காவின் வட கரோலினாவில் டான் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஈடன், மேடிசன் ஊர்களில் டிரைஹாலோமீத்தேன் ஏறியது இப்படிப் புகையைக் கழுவிய நீரிலிருந்த புரோமைடால்தான். படிகாரம் போட்டாலும் மணலில் வடிகட்டினாலும் புரோமைடு போகாது. அதனால் மேல்மடையிலேயே நிறுத்த வேண்டும்: பாதரசத்துக்குப் புரோமைடு சேர்க்காமல் கார்பன் தூளைப் பயன்படுத்துவது, கழுவுநீரை ஆவியாக்கி உப்பைத் திடமாகப் பிரித்தெடுப்பது.

நம் கரையில் புரோமைடைக் கொண்டுவர அனல்மின் நிலையம் வேண்டியதில்லை, கடலே போதும். கடல்நீரில் குளோரைடு 290 பங்கு என்றால் புரோமைடு 1 பங்கு. கடல் உள்ளே ஏறிக் கிணற்றில் குளோரைடு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் கூடினால், கூடவே புரோமைடு 3 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். அதில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் நடப்பது பலாரின் சோதனைதான். அதற்காகப் பவுடரை நிறுத்திவிடக் கூடாது. வாந்திபேதி இன்றைக்கே கொல்லும். உவர் ஏறாத தண்ணீரைத் தேடுவதும், ராமநாதபுரம் மாவட்டத்து நரிப்பையூரில் செய்ததுபோல் சவ்வு வழியாக உப்பைப் பிரிப்பதும்தான் வழி.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தம்பி கடைசியில் கேட்டார்: “அப்ப பாத்தியில மிஞ்சுற கசப்புத் தண்ணியக் கிணத்துப் பக்கம் திறந்துவிடக் கூடாதுல்ல?” கூடவே கூடாது. கடலில் இருப்பதைப்போல் பல மடங்கு புரோமைடு அதில்தான் திரண்டு நிற்கிறது.